நூறு கோடி டாலரின் ஜாதகம்

இந்தப் பணத்தின் தாய்வீடு ஒரு விளம்பரப் பலகை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலும் அதைச் சுற்றியும் சாலையோரங்களில் பலகை நட்டு, அதில் இடத்தை வாடகைக்கு விடுவது எட் டர்னரின் தொழில். கடும் உழைப்பாளி, முன்கோபி, குடியும் உண்டு. 1962இல் அகலக்கால் வைத்தார். பெரிய விளம்பரக் கம்பெனி ஒன்றின் கிளைகளை 40 லட்சம் டாலர் பேசி வாங்கினார். வாங்கிய கையோடு கடன் பயம் பிடித்துக்கொண்டது. வாங்கியதையே தொழில் நண்பர் ஒருவருக்கு விற்க ஒப்புக்கொண்டார். 1963 மார்ச்சில் ஒருநாள் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். மகன் டெட் டர்னருக்கு அப்போது வயது 24.

விடுதி விதியை மீறியதற்காக பிரவுன் பல்கலைக்கழகம் வெளியே அனுப்பிய பையன். பாய்மரப் படகுப் பந்தயத்தில் பைத்தியம். அப்பா விற்ற காசை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சண்டை பிடித்து அந்த விற்பனையை ரத்து செய்ய வைத்து, பலகைகளைக் கடனோடு சேர்த்துத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார்.

அந்தப் பலகைகளில் தொடங்கி, 1997இல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிகளுக்கு எழுதி வைத்த 100 கோடி டாலர் வரை ஒரே கோடாக இழுத்துவிடலாம். டெட் டர்னர் என்ற ஆளைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். அவருடைய வாய்த்துடுக்கு, மீசை, நடிகை ஜேன் ஃபோண்டாவுடன் கல்யாணம், பிறகு விவாகரத்து, 1977இல் அமெரிக்கா கோப்பை ஜெயித்துவிட்டு நிருபர்கள் முன்னால் போதையில் உட்கார்ந்திருந்தது எல்லாமே அச்சில் இருக்கிறது. நான் ஆளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் பணத்தின் பின்னால் போகிறேன். அதற்குப் பிறவியிலேயே ஒரு குணம் உண்டு. மூடிய கதவு முன்னால் நின்று தட்டிக்கொண்டிருக்காது. பக்கத்தில் சந்து இருக்கிறதா என்று பார்க்கும்.

முதல் சந்து அட்லாண்டாவில் இருந்தது. 1970இல் அங்கே 17ஆம் எண் சேனலை டர்னர் வாங்கினார். மாதம் சுமார் 50,000 டாலர் நட்டத்தில் ஓடிய நிலையம் அது. பெரிய நிலையங்கள் இருந்த அலைவரிசையில் இது வராது, யு.எச்.எஃப். என்ற மேல் அலைவரிசை. அதைப் பார்க்க வீட்டில் தனி ஆன்டெனா வேண்டும், குமிழைப் பக்குவமாகத் திருக வேண்டும், அப்படியும் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். சொந்தக் கணக்காளரே வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. விளம்பரதாரர்களிடம் அவர் பேசிய பேச்சு அந்தத் தொழிலில் இன்றும் சிரிப்போடு நினைவுகூரப்படுகிறது. எங்கள் சேனலைப் பார்ப்பவர்கள் சராசரியைவிட அறிவாளிகள், இல்லாவிட்டால் இதைப் பிடிக்கத் தெரிந்திருக்காது என்பது ஒரு வாதம். நாங்கள் போடுவது எல்லாம் கறுப்பு வெள்ளைப் பழைய படங்கள், ஆகவே நடுவில் உங்கள் விளம்பரம் கலரில் வந்தால் பளிச்சென்று நிற்கும் என்பது இன்னொன்று. வாடகைக்குப் போகாமல் காலியாக நின்ற அப்பாவின் பலகைகளில் தன் சேனலுக்கே விளம்பரம் எழுதினார். பழைய படம், மல்யுத்தம், எப்போதோ ஓடி முடிந்த தொடர்கள், பேஸ்பால். வேறு சரக்கு கிடையாது.

வட கரோலினாவின் சார்லட் நகரில் இன்னொரு நிலையம் வாங்கினார். அது இன்னும் மோசமாக ஓடியது. ஒருநாள் கேமரா முன்னால் தானே நின்று, நிலையத்தை மூடாமல் காப்பாற்றப் பணம் அனுப்புங்கள் என்று நேயர்களிடம் கேட்டார். அனுப்பினார்கள். யார் யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்று எழுதி வைத்து, நிமிர்ந்த பிறகு திருப்பிக் கொடுத்தார். அதே நிலையத்தை 1980இல் 2 கோடி டாலருக்கு விற்றார். அந்தக் காசு எங்கே போனது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

செய்தி என்றால் அந்நாளில் டர்னருக்கு ஆகாது. அரசு விதிப்படி ஏதோ கொஞ்சம் போட்டாக வேண்டும் என்பதால், ஊர் உறங்கும் பின்னிரவில் பில் டஷ் என்பவரை வைத்துப் போட்டார். டஷ் அதைச் செய்தியாகவே நடத்தவில்லை. ஒரு நாள் பக்கத்து நாற்காலியில் சட்டையும் டையும் கட்டிய அல்சேஷன் நாய் உட்கார்ந்து செய்தி 'வாசிக்கும்'. இன்னொரு நாள் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட ஆள் வந்து உட்காருவார். உலகத்தின் முதல் 24 மணி நேரச் செய்திச் சேனலைத் தொடங்கப் போகிறவரின் செய்திப் பிரிவு இந்த லட்சணத்தில் இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் பணம் உண்மையில் கருக்கொண்ட இடம் அடுத்து வருவதுதான்.

1975 செப்டம்பர் 30 அன்று எச்.பி.ஓ. என்ற கட்டணச் சேனல், மணிலாவில் நடந்த முகமது அலி – ஜோ ஃப்ரேசியர் குத்துச்சண்டையைச் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்கக் கேபிள் கம்பெனிகளுக்கு அனுப்பிக் காட்டியது. டர்னர் கணக்குப் போட்டார். ஒரு கோபுரத்திலிருந்து ஒளிபரப்பினால் 60, 70 கிலோமீட்டருக்குள் படம் செத்துவிடும். அதையே மேலே அனுப்பிக் கீழே விட்டால் நாடு முழுக்க விழும். ஆனால் உள்ளூர் நிலையம் தானே செயற்கைக்கோள் சேவை நடத்த முடியாதபடி விதிகள் குறுக்கே நின்றன. அதற்காக ஏற்படுத்தியிருந்த தனிக் கம்பெனியை, வெஸ்டர்ன் யூனியனில் இருந்த எட் டெய்லர் என்பவருக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார். டெய்லரின் கம்பெனி அட்லாண்டா சேனலைக் காற்றிலிருந்து பிடித்து, மேலே ஏற்றி, கேபிள்காரர்களிடம் சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் 10 சென்ட் வாங்கிக்கொள்ளும். அந்த 10 சென்ட்டில் டர்னருக்கு ஒரு காசு வராது. அவருக்கு வேண்டியதும் அது இல்லை. பார்ப்பவர்கள் கூடினால் விளம்பரக் கட்டணம் கூடும்.

1976 டிசம்பர் 17 அன்று சாட்காம் 1 கோளுக்குப் படம் ஏறியது. முதலில் எடுத்துக்கொண்டவை நான்கே ஊர்களின் கேபிள் கம்பெனிகள்: நெப்ராஸ்காவில் கிராண்ட் ஐலண்ட், வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ், அலபாமாவில் டிராய், கான்சாஸில் நியூட்டன். அந்த ஊர்க்காரர்கள் முதலில் பார்த்தது 1948இல் வந்த 'டீப் வாட்டர்ஸ்' என்ற படம், அதுவும் பாதியிலிருந்து. அதே மாதம் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் இன்னொரு காரியம் செய்தது. கேபிள் கம்பெனி வைத்திருக்க வேண்டிய டிஷ் 9 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்றிருந்ததைத் தளர்த்தி, நாலரை மீட்டர் போதும் என்றது. டிஷ் விலை சட்டென்று இறங்கியது. சின்ன ஊர்க் கேபிள்காரரும் வாங்கக்கூடிய பொருளாயிற்று.

அந்த ஆண்டுதான் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமும் திருத்தி எழுதப்பட்டது. தொலைதூர நிலையத்தின் படத்தைக் கேபிளில் காட்ட ஒவ்வொரு உரிமையாளரிடமும் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டாம், நிர்ணயித்த கட்டணத்தைப் பொது நிதியில் கட்டினால் போதும் என்றது அது. ஹாலிவுட்டுக்கு வயிறு எரிந்தது. அட்லாண்டாவில் மட்டும் காட்டத்தானே படத்தைச் சல்லிசாக விற்றோம், அது எப்படி அலாஸ்கா வரை தெரிகிறது? பேஸ்பால் அணிக்காரர்களும் கத்தினார்கள். அட்லாண்டா பிரேவ்ஸ் அணியை டர்னர் அதே ஆண்டு விலைக்கு வாங்கியிருந்தார். தோற்பதில் பேர்போன அந்த அணியின் ஆட்டம் நாடு முழுக்க வீடுகளில் ஓடியது. எல்லாம் சட்டப்படி சரி. உள்ளூர் விலைக்கு வாங்கி, தேசிய விலைக்கு விற்பது. பின்னாளில் ஆப்பிரிக்கக் கிராமங்களில் தடுப்பூசியாக மாறிய பணத்தின் கரு இந்த விலை வித்தியாசம்தான்.

பிறகு நடந்தவை வேகமானவை; நானும் வேகமாகவே போகிறேன். சார்லட் நிலையம் விற்ற 2 கோடி, சி.என்.என். என்ற அந்த 24 மணி நேரச் செய்திச் சேனலைத் தொடங்கப் போனது. அது ஏற வேண்டிய சாட்காம் 3 கோள் 1979 டிசம்பரில் ஏவப்பட்ட சில நாளில் தொடர்பறுந்து தொலைந்தது. டர்னர் வழக்குப் போட்டு, பழைய கோளிலேயே இடம் பிடித்தார். 1980 ஜூன் 1 அன்று கணவன் மனைவியான டேவிட் வாக்கரும் லோயிஸ் ஹார்ட்டும் முதல் செய்தியை வாசித்தார்கள். போட்டியாளர்கள் 'சிக்கன் நூடுல் நெட்வொர்க்' என்று கேலி செய்தார்கள். ஐந்து ஆண்டுபோல அது பணத்தைத் தின்றுகொண்டிருந்தது. பழைய படமும் மல்யுத்தமும் சம்பாதித்ததை உலகச் செய்தி தின்றது. 1991 ஜனவரியில் பாக்தாத் மேல் குண்டு விழுந்தபோது, அல் ரஷீத் ஓட்டலின் ஜன்னலருகே இருந்து பெர்னார்ட் ஷா, ஜான் ஹாலிமன், பீட்டர் ஆர்னெட் மூவரும் பேசியதை உலகமே கேட்டது. இந்தியாவிலும் பெரிய ஓட்டல்களின் வரவேற்பறைகளில் கூட்டம் நின்று பார்த்தது. மொட்டைமாடியில் டிஷ் வைத்துத் தெருவுக்குக் கம்பி இழுக்கும் தொழில் நம்மூரில் சூடுபிடித்தது அதன் பிறகுதான். ஒரே ஒரு அரசுச் சேனலோடு இருந்த வீடுகள் இரண்டு மூன்று ஆண்டில் அடையாளம் மாறிப்போயின.

நடுவில் 1986இல் சுமார் 150 கோடி டாலர் கொடுத்து எம்.ஜி.எம். சினிமாக் கம்பெனியை வாங்கிச் சிக்கிக்கொண்டார். ஸ்டூடியோவையும் மற்றதையும் சில மாதங்களிலேயே விற்றுவிட்டுப் பழைய படங்களின் பெட்டிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். ஊரே சிரித்தது. அந்தப் பெட்டிகளுக்குள் டாமும் ஜெர்ரியும் இருந்தார்கள். 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியா வந்தபோது நம் பிள்ளைகள் பார்த்தது அந்தப் பெட்டிச் சரக்கை. பகலெல்லாம் எலியும் பூனையும் ஓடி, இரவானதும் சொல்லாமல் கொள்ளாமல் அதே சேனலில் பழைய ஆங்கிலப் படம் வந்துவிடுமே, அதுவும் அதே பெட்டிதான். சேனல் மாறிவிட்டதென்று ரிமோட்டைத் தட்டிய வீடுகள் எத்தனையோ.

எம்.ஜி.எம். கடனில் மூழ்க இருந்தவரை 1987இல் கேபிள் கம்பெனிகள் சேர்ந்து பணம் போட்டுத் தூக்கிவிட்டன. பதிலுக்குப் பங்குகளை எடுத்துக்கொண்டன. தனிக்காட்டு ராஜாங்கம் அன்றோடு முடிந்தது. 1996இல் முழுக் கம்பெனியும் சுமார் 750 கோடி டாலர் மதிப்பில் டைம் வார்னர் என்ற பெரிய ஊடகக் கம்பெனியோடு சேர்ந்தது. டர்னர் அந்தக் கம்பெனியின் மிகப் பெரிய தனிப் பங்குதாரர் ஆனார். பலகையாகவும் அலையாகவும் படப்பெட்டியாகவும் இருந்த பணம், அதிலிருந்து பங்குப் பத்திரம்.

அதே 1996இல் அவர் ஒரு பேட்டியில், 'ஃபோர்ப்ஸ்' பத்திரிகை போடும் பணக்காரர் பட்டியல்தான் கொடைக்கு எதிரி என்றார். கொடுத்தால் பட்டியலில் இடம் இறங்கிவிடுமே என்று பயப்படுகிறார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு பட்டியல் போடுங்கள், அதில் முந்துவதற்கு அடித்துக்கொள்வார்கள் என்பது அவர் யோசனை. 'ஸ்லேட்' இதழ் அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஆண்டே கொடையாளர் பட்டியல் வெளியிடத் தொடங்கியது. பணக்காரனின் மனசு பணக்காரனுக்குத் தெரியும்.

1997 செப்டம்பர் 18. ஐ.நா. ஆதரவுச் சங்கம் நியூயார்க்கில் அவருக்கு ஒரு விருது கொடுக்கிறது. விருந்தில் பேச வேண்டும். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்தவர் தன் சொத்துக் கணக்கை எடுத்துப் பார்க்கிறார். ஜனவரியில் 220 கோடி டாலராக இருந்தது 320 கோடி ஆகியிருக்கிறது. டைம் வார்னர் பங்கு ஏறியதால் ஒன்பது மாதத்தில் சும்மா வந்து சேர்ந்த 100 கோடி. அதைக் கொடுத்துவிடலாம் என்று விமானத்தில் மனைவியிடம் சொன்னதும் அவர் அழுதுவிட்டாராம். ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னானிடம் அன்றைக்கே விஷயத்தைச் சொன்னபோது, முதலில் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டார். அன்றைய மதிப்பில் சுமார் 3,600 கோடி ரூபாய். உயிரோடு இருக்கும் ஒருவர் ஒரே அறிவிப்பில் அவ்வளவு கொடுத்தது அதுவரை கேள்விப்படாத சங்கதி. ஒன்பது மாத வரும்படிதானே கொடுக்கிறேன், முன்பிருந்ததைவிட ஏழையாகிவிடவில்லையே என்று டர்னரே தொலைக்காட்சியில் சொன்னார். அலட்டலா அடக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத பேச்சு. எனக்கென்னவோ வெறும் கூட்டல் கழித்தலாகவே படுகிறது.

அவர் முதலில் நினைத்தது வேறு. ஐ.நா.வுக்கு அமெரிக்கா கட்ட வேண்டிய சந்தா பாக்கி அப்போது 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஐ.நா.வைப் பிடிக்காதவர்கள் பணத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பாக்கியை நானே கட்டிவிட்டு, என் அரசாங்கத்திடம் வசூலித்துக்கொள்கிறேன் என்று வக்கீல்களிடம் கேட்டார். முடியாது, உறுப்பு நாட்டின் சந்தாவைத் தனியாள் கட்ட வழியில்லை என்று பதில் வந்தது. மறுபடியும் மூடிய கதவு.

பக்கத்தில் சந்து வெட்ட வேண்டியிருந்தது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு பொது அறக்கட்டளை. 1998இல் அது ஐ.நா. அறக்கட்டளை என்ற பெயரில் பிறந்தது. தலைவராக முன்னாள் செனட்டர் டிமோத்தி வர்த் வந்தார். ஐ.நா. தலைமையகத்துக்கு உள்ளே, அறக்கட்டளையின் பணத்தை வாங்கி யூனிசெஃப், உலக சுகாதார அமைப்பு போன்ற அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு தனி அலுவலகம் ஏற்பட்டது. ஆண்டுக்கு 10 கோடி வீதம் பத்து ஆண்டு, டைம் வார்னர் பங்காகவே கொடுப்பது என்று ஏற்பாடு. முதலில் மூடிய கதவுகூட 2000 டிசம்பரில் கொஞ்சம் திறந்தது. அமெரிக்காவின் சந்தாப் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைந்தபோது, மற்ற நாடுகளின் அந்த ஆண்டு பட்ஜெட் முடிந்துவிட்டிருந்ததால் 3 கோடி டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. அதை டர்னர் பக்கத்துப் பணம் அடைத்தது.

சரி, 100 கோடி எங்கே போயிற்று?

கொஞ்சம் தட்டம்மைக்குப் போனது. நம்மூரில் மணல்வாரி என்று சொல்லி வேப்பிலை கட்டும் அதே நோய். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆண்டுக்கு லட்சக்கணக்கான குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும். தடுப்பூசி அறுபதுகளிலிருந்தே இருக்கிறது. ஒரு குழந்தைக்குப் போட, குளிர்பெட்டி, ஊசி, போடுபவர் கூலி எல்லாம் சேர்த்து அப்போது ஒரு டாலருக்குக் கீழேதான் ஆனது. 2001இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், யூனிசெஃப், உலக சுகாதார அமைப்பு, அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் ஆகியவற்றோடு ஐ.நா. அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு கூட்டு இயக்கம் தொடங்கியது. 2000க்கும் 2008க்கும் இடையில் உலகில் தட்டம்மைச் சாவுகள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டது. இதில் டர்னர் பணத்தின் பங்கு எத்தனை என்று பிரித்தெடுப்பது வீண் வேலை. ஐந்து பேர் பிடித்துத் தூக்கிய பல்லக்கு.

போலியோவில் செய்தது இன்னும் நூதனம். பாகிஸ்தானும் நைஜீரியாவும் சொட்டு மருந்து வாங்க உலக வங்கி 2003இல் கடன் கொடுத்தது. சொன்ன அளவுக்குக் குழந்தைகளுக்கு மருந்து போய்ச் சேர்ந்ததென்று சரிபார்த்துவிட்டால், அந்தக் கடனை நாடு கட்ட வேண்டாம். கேட்ஸ் அறக்கட்டளையும் ரோட்டரியும் ஐ.நா. அறக்கட்டளையும் சேர்ந்து அடைத்துவிடும். உலக வங்கியின் அந்த வகைக் கடன் வட்டியில்லாமல் பல பத்தாண்டு இழுப்பது. ஆகவே இன்றைக்கே மொத்தமாக அடைப்பவருக்குச் சல்லிசாக முடியும். ஒரு டாலர் வைத்தால் இரண்டரை டாலர் அளவுக்குக் கடன் கரையும். உள்ளூர் விலைக்கு வாங்கித் தேசிய விலைக்கு விற்ற அட்லாண்டா மூளை இங்கே தெரிகிறதா? எனக்குத் தெரிகிறது.

2006இல் ரிக் ரெய்லி என்ற விளையாட்டுப் பத்தியாளர் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகையில், மலேரியாக் கொசுவைத் தடுக்க ஆளுக்கு 10 டாலர் கொடுத்து ஒரு வலை வாங்கித் தாருங்கள் என்று எழுதினார். பத்திரிகை அப்போது டைம் வார்னருடையது. வாசகர்கள் அனுப்பிய பத்துப் பத்து டாலர்கள் போய் விழ ஒரு பெட்டி வேண்டுமே. அந்தப் பெட்டியாக நின்றது ஐ.நா. அறக்கட்டளை. கூடைப்பந்துச் சங்கங்களும் தேவாலயங்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் போட்டார்கள். சார்லட் நேயர்களிடம் கேமரா முன்னால் கையேந்திய ஆளின் அறக்கட்டளை சில்லறை வசூலில் கெட்டிக்காரத்தனம் காட்டியதில் ஆச்சரியமில்லை.

டர்னரின் இன்னொரு பையிலிருந்து போன பணத்தையும் சொல்லாமல் விட முடியாது. அதுவும் அதே பங்குப் பத்திரத்தில் பிறந்ததுதான். 2001இல் முன்னாள் செனட்டர் சாம் நன்னோடு சேர்ந்து அணு ஆபத்துத் தடுப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். பெல்கிரேடு அருகே வின்ச்சா என்ற இடத்தில் ஒரு பழைய அணு ஆய்வு நிலையம். சோவியத் ஒன்றியம் எந்தக் காலத்திலோ கொடுத்த உயர்செறிவு யுரேனியம் சுமார் 48 கிலோ, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன எரிபொருள் துண்டுகளாக அங்கே கிடந்தது. தெரிந்தவன் கையில் கிடைத்தால் இரண்டு குண்டுக்குப் போதும். எடுத்துப் போங்கள், ஆனால் இங்கே குளத்தில் கிடக்கும் பயன்படுத்தி முடித்த கதிரியக்கக் கழிவையும் அகற்ற உதவ வேண்டும் என்றது யூகோஸ்லாவியா. நியாயமான நிபந்தனை. அமெரிக்க வெளியுறவுத் துறைக்கோ சுற்றுச்சூழலைச் சுத்தம் செய்யப் பணம் தர அதிகாரம் கிடையாது. குண்டாகக்கூடிய பொருள் கண்ணெதிரே கிடக்கிறது, தலைப்பு வேறு என்பதால் வல்லரசின் கஜானா திறக்கவில்லை. டர்னரின் அமைப்பு 50 லட்சம் டாலர் தந்தது. 2002 ஆகஸ்ட் 22, இருள் பிரியுமுன் ஆயுதம் ஏந்திய 1,200 பேர் காவலில், எந்த லாரியில் சரக்கு என்று தெரியாமலிருக்கப் போலி லாரிகளும் கூட ஓட, யுரேனியம் பெல்கிரேடு விமான நிலையம் போய், ரஷ்யாவின் திமித்ரோவ்கிராட் நகருக்குப் பறந்தது. குளத்துக் கழிவும் 2010இல் வெளியேறியது.

இதற்குள் பங்குப் பத்திரமே நோயாளியாகிவிட்டது. 2000 ஜனவரியில் டைம் வார்னர், இணையக் கம்பெனியான ஏ.ஓ.எல்.லோடு இணைவதாக அறிவித்தது. டர்னரும் உற்சாகமாகக் கைதூக்கியவர்தான். இணையக் குமிழி உடைந்து, 2002 என்ற ஒரே ஆண்டில் புதுக் கம்பெனி 9,800 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. இதற்கிடையே பங்கு ஏறிப் பெருத்திருந்த டர்னரின் சொத்தில் 700, 800 கோடி டாலர் அளவுக்குக் கரைந்தது. 2003இல் துணைத்தலைவர் பதவியை விட்டு வெளியேறினார். சேனல்களில் அதிகாரம் ஏற்கெனவே போயிருந்தது. தொடக்கத்திலேயே மொத்தப் பங்கையும் ஐ.நா. அறக்கட்டளை பெயருக்கு மாற்றி, உடனே விற்றிருந்தால் பிழைத்திருக்கும். தவணை வைத்ததால் கொடையும் பங்குச் சந்தையோடு சேர்ந்து ஆடியது. பத்து ஆண்டு என்று சொன்னது இழுத்துக்கொண்டே போனது. ஆனாலும் சொன்ன தொகையை முழுக்கக் கட்டி முடித்தார். சொத்து நாலில் ஒன்றாகச் சுருங்கிய பிறகும் பழைய வாக்கைக் கட்டியது, முதல்நாள் அறிவிப்பைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அறிவித்த அன்று கைதட்டல் இருந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது தவணைக்கு எந்தப் பத்திரிகையும் நிருபரை அனுப்பவில்லை.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. நம்மூர்க் கோயிலில் டியூப்லைட் வாங்கிக் கொடுப்பவர், பாதி வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' என்று பெயிண்டில் எழுதிவிடுவார். 100 கோடி கொடுத்த அறக்கட்டளையின் பெயரில் டர்னர் இல்லை. தன் பெயரில் வேறு அறக்கட்டளை தொடங்கினார், அது வேறு கணக்கு. பெயர் இல்லாமல் போனதில் ஒரு சூட்சுமமும் உண்டு. டர்னர் அறக்கட்டளை என்றிருந்தால் பில் கேட்ஸ் அதில் பணம் போட்டிருக்க மாட்டார். பத்து டாலர் அனுப்பிய பள்ளிப் பிள்ளையும் போட்டிருக்காது.

இதில் எனக்கு உறுத்தும் பக்கமும் இருக்கிறது. ஐ.நா.வுக்கு நாடுகள் கட்டும் சந்தா, அந்தச் சபை தானே முடிவு செய்து செலவழிக்கும் பணம். கொடையாக வருவதோ இந்த வேலைக்கு மட்டும் என்று முடிச்சுப் போட்டே வரும். டர்னரும் பிள்ளைகள் நலம், பெண்கள், மக்கள்தொகை, சுற்றுச்சூழல் என்று தனக்குப் பிடித்ததைத்தான் தேர்ந்தெடுத்தார். ஐந்து பிள்ளை பெற்றவர் உலகத்துக்கு மக்கள்தொகைப் பாடம் எடுத்ததைக் கேலி செய்தவர்கள் உண்டு. முடிச்சுப் போட்ட பணம் அவருக்கு முன்பே இருந்தது, உண்மைதான். ஆனால் அவர் திறந்த வழியாகப் பெரிய பணக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். இன்று உலக சுகாதார அமைப்பின் வரவில் பெரும்பகுதி இப்படி முடிச்சுப் போட்டு வருவது. நாடுகள் கட்டும் நிலையான சந்தா அதில் சிறு துண்டு. அரசாங்கங்கள் சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருந்தால் இந்தச் சந்துக்கு வேலையே இருந்திருக்காது. கட்டாதவர்களில் முதல் ஆள் டர்னரின் சொந்த அரசாங்கம்.

2020 மார்ச் 13 அன்று, கொரோனா உலகத்தை மூடிக்கொண்டிருந்தபோது, உலக சுகாதார அமைப்புக்கு ஒரு வினோதமான சங்கடம். உலகமெங்கும் சாதாரண ஜனங்கள் அதற்குப் பணம் அனுப்பத் தயாராக இருந்தார்கள். நாடுகளிடமும் பெரிய அறக்கட்டளைகளிடமும் வாங்கியே பழகிய அமைப்பிடம் தனியாட்களிடம் ஐந்தும் பத்துமாக வாங்க வசதி இல்லை. ஐ.நா. அறக்கட்டளையும் சுவிட்சர்லாந்தின் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து அன்றைக்கே ஒரு நிதிக் கணக்கைத் திறந்தன. ஆறு லட்சத்துக்கும் அதிகமான பேரிடமிருந்தும் கம்பெனிகளிடமிருந்தும் 20 கோடி டாலருக்கு மேல் அந்த ஆண்டில் வந்து விழுந்தது. பரிசோதனைக் கருவிகளாகவும் முகக்கவசங்களாகவும் அது வெளியே போனது. மே மாதக் கடைசியில், இனி இப்படி வரும் பணத்தை உலக சுகாதார அமைப்புக்காக வாங்குவதற்கென்றே ஜெனீவாவில் தனியாக ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது.